கூரை ஒழுகுகிறவர் என்ன தேடுவார்?

அன்புள்ள ஐயா,

கட்டிடங்களில் நீர்க்கசிவை அடைக்கும் வேலை செய்கிறோம். ஏழு பேர் கொண்ட சிறு நிறுவனம், இப்போதுதான் இணையதளம் தொடங்கியிருக்கிறோம். 'கட்டிடப் பாதுகாப்புத் தீர்வுகள்' என்று தேடினால் நாங்கள் முதலில் வர வேண்டும். பக்கத்தின் நிரலுக்குள் தேடுபொறிக்காக எழுதிவைக்கும் மெட்டா கீவேர்டில் எத்தனை சொற்கள் போடலாம்? 'தண்ணி சொட்டுது' போன்ற பாமரச் சொற்களைப் பக்கத்தில் எழுதினால் எங்கள் தரம் குறைந்துவிடாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

மெட்டா கீவேர்டை விடுங்கள். தரவரிசைக்கு அதைப் பார்ப்பதே இல்லை என்று கூகுள் 2009-லேயே சொல்லிவிட்டது. இரண்டு சொல் போட்டாலும் இருநூறு போட்டாலும் ஒன்றுதான்.

'பாமரச் சொற்கள்' என்றீர்களே, அதுதான் சுருக்கென்று தைத்தது. சில நாட்களாக என் அப்பாவின் பழைய நோட்டு ஒன்றைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். வருகிறவர் சொல்வதை ஓர் எழுத்து மாற்றாமல் நீல மையில் எழுதிக்கொள்வார். கடிகாரத்தைத் திறந்து பார்த்த பிறகு, அதன் கீழே சிவப்பு மையில் தான் கண்டதை எழுதுவார். ஒரு பக்கத்தில் நீலத்தில் 'திடீர்னு ரொம்ப வேகமா ஓடுது' என்றிருக்கிறது. கீழே சிவப்பில் 'ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம்.' காந்தம் ஏறினால் அந்த மெல்லிய சுருளின் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சுருள் குட்டையானது போலாகி, கடிகாரம் முந்திக்கொண்டு ஓடும். அப்பாவுக்கு இது தெரியும். வந்தவருக்கு எப்படித் தெரியும்? இன்றைக்கு அவர் தேடல் பெட்டியில் தட்டப்போவதும் அந்த நீல வரியைத்தான்.

நீங்கள் எழுதியிருப்பதோ சிவப்பு மைகூட இல்லை. அதிலாவது விஷயம் இருந்தது. 'கட்டிடப் பாதுகாப்புத் தீர்வுகள்' என்றால் என்ன, சொல்லுங்கள்? காவலாளி வேண்டுமென்பவரும் அதைத் தேடலாம், தீயணைப்புக் கருவி வேண்டுமென்பவரும் தேடலாம். படுக்கைக்கு மேலே பெயின்ட் உப்பி உரிய, அடியில் வாளியை வைத்துவிட்டு நடுராத்திரியில் போனை எடுப்பவர் மட்டும் தேடவே மாட்டார். அவர் உங்களைவிடத் தரம் குறைந்தவரா? அவர் வீட்டில் ஒழுகுகிறது, அவ்வளவுதான். அந்த மனிதரிடம் போய் மிடுக்குக் காட்டாதீர்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 'மழை பெஞ்சா மட்டும் ஒழுகுது' என்பதும் 'மழையே இல்ல, ஆனா சொட்டுது' என்பதும் ஒன்றல்ல. முதலாவதைக் கேட்டதும் கூரை விரிசலையும் இரண்டாவதைக் கேட்டதும் மேலே ஓடும் குழாயையும் சந்தேகிப்பீர்கள், இல்லையா? பாமரச் சொல் என்று நீங்கள் தள்ளியதில் பாதி நோயறிதல் இருக்கிறது. இரண்டுக்கும் தனித்தனிப் பக்கம் எழுதுங்கள். தலைப்பு அவர்கள் சொல்லில் இருக்கட்டும், விளக்கம் உங்கள் அறிவில் இருக்கட்டும்.

ஒரு சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கருவிகளைப் பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதற்கு முன் வந்தே இராதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. அவை எந்தப் பட்டியலிலும் இருக்காது.

உங்கள் அலுவலகத்தில் போனை எடுப்பது யார்? அவரிடம் ஒரு நோட்டைக் கொடுங்கள். கூப்பிடுகிறவர் சொல்லும் முதல் வாக்கியத்தைத் திருத்தாமல் எழுதச் சொல்லுங்கள். ஒரு மாதம் போகட்டும், அப்புறம் பக்கங்களை எழுதுங்கள். சேர்ச் கன்சோல் என்ற கூகுள் கருவியில், உங்கள் தளம் எந்தெந்தத் தேடல்களில் வந்தது என்று கடந்த 16 மாதம் வரை தெரியும். தளம் கொஞ்சம் ஓடியதும் அதையும் நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

நோட்டின் முதல் பக்கம் நிறைந்ததும் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். அப்பாவின் நோட்டோடு சேர்த்து வைத்துப் படிக்க ஆசையாக இருக்கிறது.