மகள் கையில் கிண்டில், அம்மா கையில் புத்தகம்

கேள்வி: கிண்டில் (மின்னூல் படிக்கும் கருவி) வாங்கிய நாளிலிருந்து என் மகள், நான் புத்தகம் வாங்கினாலே "இன்னொரு மரம் போச்சா?" என்கிறாள். வீட்டில் நானூறு புத்தகம் இருக்கிறது. நான் அவ்வளவு பாவம் செய்தவளா?
- வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தக் கிண்டிலில் இதுவரை எத்தனை புத்தகத்தைப் படித்து முடித்தாள் என்று முதலில் கேளுங்கள். பக்கம் மாறும்போதுதான் அந்தத் திரைக்கு மின்சாரம் வேண்டும், அதனால் படிக்கிற செலவு சொற்பம். பேட்டரிக்கு லித்தியம் தோண்டுவது, சில்லு செய்வது என்று கெடுதலில் பெரும்பங்கு கருவி கைக்கு வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது. 2009ல் அமெரிக்க நிறுவனம் ஒன்று போட்ட கணக்கில், ஒரு கிண்டிலால் வரும் கரியமில வாயு 22, 23 புத்தகங்களால் வருவதற்குச் சமம். கருவிகள் மாறிவிட்டன, எண்ணும் மாறும். ஆனால் நாலு புத்தகம் படித்துவிட்டு மேசை டிராயரில் தூங்குகிற கிண்டிலுக்கு எந்தக் கணக்கும் உதவாது.

அப்புறம், காகிதம் என்றால் மரம் மட்டும் இல்லை. கரூர் பக்கம் புகளூரில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவன (டி.என்.பி.எல்.) ஆலை கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. உடனே இதை மகளிடம் வெற்றிச் செய்தியாகச் சொல்லிவிடாதீர்கள், அங்கே மரக்கூழும் சேர்கிறது, தண்ணீரும் நிறைய வேண்டும், சர்க்கரை ஆலைகள் எரித்துக்கொண்டிருந்த சக்கையை வாங்குவதால் அவற்றுக்கு வேறு எரிபொருளுக்கு வழிசெய்ய வேண்டியும் இருக்கிறது. உங்கள் நானூறும் ஏற்கெனவே அச்சான புத்தகங்கள். பக்கத்து வீட்டுக்கு இரவல் கொடுத்தால் புதிதாக ஒரு காகிதமும் செலவில்லை. (திரும்பி வருமா என்பது வேறு கேள்வி.)

கேள்வி: வீடு மாறுகிறோம், இடம் போதாது. அப்பா ஓரத்தில் பென்சிலால் குறிப்பெழுதிய புத்தகங்களை ஸ்கேன் செய்துவிட்டுப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா?
- வாசகர், மதுரை

பதில்: ஸ்கேன் கட்டாயம் செய்யுங்கள். என் அப்பாவின் புத்தகங்களைப் பரண்மேல் பத்திரமாக வைத்தேன், கரையான் அதைவிடப் பத்திரமாகத் தின்றது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ல் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின, வேறெங்கும் படி இல்லாதவையும் அதில் உண்டு. ஆனால் கையெழுத்து இருக்கிற ஐந்தாறையாவது பேப்பர்காரரிடம் போடாதீர்கள். மற்றவற்றை நூலகத்துக்குக் கொடுக்கலாம், பழைய இலக்கியங்களில் பல மதுரைத் திட்டம் என்ற இணையதளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. கடையில் வாங்கும் மின்னூலை மட்டும் சொத்தாக நினைக்காதீர்கள்: 2009ல் கிண்டிலை விற்கும் அமேசான், உரிமைச் சிக்கல் என்று வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிய ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெலின் நாவல்களை அவர்களுடைய கிண்டிலிலிருந்தே அழித்தது, பணத்தைத் திருப்பித் தந்தாலும். பேப்பர்காரர்கூட நம்மைக் கேட்டுத்தான் எடுத்துப்போவார்.

கேள்வி: என் பழைய கிண்டிலில் சார்ஜ் நிற்பதில்லை. குப்பையில் போடலாமா?
- வாசகர், சென்னை

பதில்: ஐயையோ, வேண்டாம். மின்னணுச் சாமான் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் பேட்டரி மாற்ற முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள்.