கூத்தை ஆராய வினாநிரல் வேண்டுமா?

கேள்வி: அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். எம்.ஏ. தமிழும் எம்.எட். பட்டமும் பெற்றிருக்கிறேன். எங்களுடையது மூன்று தலைமுறையாகத் தெருக்கூத்து ஆடும் குடும்பம். தாத்தாவின் பாட்டு நோட்டுகள் இன்னும் சித்தப்பா வீட்டில் இருக்கின்றன. பகுதிநேர முனைவர் பட்டத்துக்குக் கூத்தையே எடுத்துக்கொள்ள ஆசை. ஆனால் கருதுகோள், வினாநிரல், புள்ளியியல் இவையெல்லாம் இல்லாமல் எழுதினால் அது ஆராய்ச்சியே ஆகாது என்கிறார் உடன் பணிபுரியும் அறிவியல் ஆசிரியர். எம்.எட். வகுப்பிலும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். நான் தமிழ்த் துறையில் பதிவு செய்வதா, கல்வியியலில் பதிவு செய்வதா? – ஒரு வாசகி, செய்யாறு

பதில்: உங்கள் நண்பர் சொல்வது அவர் பழகிய துறைக்குப் பொருந்தும். அதே படியைக் கொண்டு எல்லாத் துறைகளையும் அளக்கத் தொடங்கும்போதுதான் சிக்கல் வருகிறது. நாட்டார் கலைகள் பற்றிய ஓர் ஆய்வேடு ஒருமுறை என்னிடம் மதிப்பீட்டுக்கு வந்தது. கலைஞர்கள் பலரைத் தேடிப்போய்ச் சந்தித்திருந்தார் அந்த மாணவர். ஒவ்வொருவர் நெஞ்சிலும் விடிய விடியப் பாடும் அளவுக்குப் பாட்டு இருந்திருக்கும். அவர்களிடம் அவர் வாங்கி வந்ததோ, 'இக்கலை நலிந்துவருவதாகக் கருதுகிறீர்களா?' என்ற வகைக் கேள்விகளுக்கு 'ஆம், இல்லை' என்று போட்ட குறிகள். அவற்றுக்கு விழுக்காடு கணக்கிட்டு வட்டப்படமும் வரைந்திருந்தார். ஒரு பாட்டுகூட அந்த ஆய்வேட்டில் இல்லை. அதை மூடி வைத்தபோது எனக்கு உண்மையிலேயே துக்கமாக இருந்தது. உங்களுக்கு அது நேரக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

கூத்து என்பது ஒரு பொருள்தான். அது இன்னும் ஆய்வுக் கேள்வி ஆகவில்லை. கேள்வி எதுவென்று தெரிந்தால்தான் முறையும் துறையும் தெரியும்.

கூத்துக்கு வாசிக்கும் மிருதங்கத்தையே பாருங்கள். சாதாரணமாகத் தோலைத் தட்டினால் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று இசைந்து வருவதில்லை. மிருதங்கத்தில் மட்டும் ஏன் சுருதி சுத்தமாகக் கேட்கிறது என்று சர் சி.வி. ராமன் கேட்டார். வலந்தலையின், அதாவது வலப்பக்கத் தோலின், நடுவில் அப்பியிருக்கும் கருஞ்சாந்தின் எடைதான் மேல் அதிர்வுகளை ஒழுங்குபடுத்துகிறது என்று சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920ஆம் ஆண்டு நேச்சர் இதழில் எழுதினார். இது அறிவியல் கேள்வி. இன்னொருவர் இன்னொரு மிருதங்கத்தை எடுத்துச் சோதித்தாலும் அதே விடை வர வேண்டும். வராவிட்டால் ராமன் சொன்னது தவறு. ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், மர அணிகள் பூட்டி ஆடும் கட்டை வேஷக்காரரின் குரல் கடைசி வரிசைவரை எப்படி எட்டியது என்று கேட்டால் அதுவும் இந்த வகையில்தான் சேரும். அதற்கு ஒலிப்பதிவுக் கருவியும் இயற்பியல் பயிற்சியும் வேண்டும். உங்களுக்கு அது வழியன்று.

இரண்டாவது கேள்வி உங்கள் வகுப்பறையிலிருந்து எழலாம். பாரதப் பகுதியைக் கூத்தாக நடித்துக் கற்ற எட்டாம் வகுப்புப் பிள்ளைகள், வழக்கம்போல் பாடம் கேட்ட பிள்ளைகளைவிட நன்றாகப் பேசுகிறார்களா, எழுதுகிறார்களா? இங்கே கருதுகோள் வேண்டும். முன்தேர்வு, பின்தேர்வு, கட்டுப்பாட்டுக் குழு, புள்ளியியல் எல்லாமே வேண்டும். உங்கள் எம்.எட். பாடம் முழுவதும் இங்கே கைகொடுக்கும். ஆனால் ஒரு பொறி இருக்கிறது. 'அ' பிரிவுக்குக் கூத்தை நீங்களே உற்சாகமாகச் சொல்லிக்கொடுத்து, 'ஆ' பிரிவை வேறொருவரிடம் விட்டால், வென்றது கூத்தா, உங்கள் உற்சாகமா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு, படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு உள்ளூர் இளம்பெண்களைக் கொண்டு தனியே கற்பித்தது. அதைப் பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் மதிப்பிட்டபோது, இந்த உதவி எந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு, எந்தப் பள்ளியில் நான்காம் வகுப்புக்கு என்பதைக் குலுக்கல் போலத்தான் முடிவுசெய்தார்கள். அப்படிச் செய்தால்தான் ஒப்பீடு நேர்மையாக அமையும். ஒரே பள்ளியில், ஒரே ஆசிரியராக இருந்துகொண்டு அவ்வளவு தூரம் போக முடியாது. உங்கள் வகுப்பில் நடப்பதை நீங்களே கூர்ந்து கவனித்துத் திருத்திக்கொள்ளும் செயலாராய்ச்சி முடியும். அது நல்ல கட்டுரையாகும். முனைவர் பட்டத்துக்கு அது மட்டும் போதாது என்பது என் கருத்து.

மூன்றாவது கேள்வி உங்கள் சித்தப்பா வீட்டுப் பெட்டிக்குள் இருக்கிறது. போருக்கு முன் அர்ச்சுனன் மகன் அரவானைக் காளிக்குப் பலிகொடுக்கும் களப்பலிக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். வடமொழிப் பாரதத்தில் அரவான் எட்டாம் நாள் போரில் மடிகிறான்; களப்பலி என்பதே அங்கு இல்லை. தமிழில் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே அது வந்துவிடுகிறது, வில்லிபாரதத்திலும் தொடர்கிறது. கூத்து மேடைக்கு வரும்போது அந்தக் கதை என்ன ஆகிறது? தாத்தாவின் நோட்டில் உள்ள விருத்தம் வில்லிபுத்தூராரின் சொல்லா, வேறு வாத்தியார் கட்டியதா? அச்சிட்ட பிரதியில் இல்லாத எந்த இடத்தில் அரவானின் தாய் அழுகிறாள்? பக்கத்து ஊர் ஜமாவில், அதாவது கூத்துக் குழுவில், அதே கட்டம் எவ்வளவு நீள்கிறது? எழுதி வைத்தது ஒன்று, மேடையில் பாடுவது ஒன்று என்றால் அந்த இடைவெளியில், கோமாளியும் கதைசொல்லியுமான கட்டியங்காரன் என்ன செய்கிறான்?

இவற்றுக்கு வினாநிரல் ஒரு துரும்பும் உதவாது. அதற்காக மனம்போன போக்கில் எழுதலாம் என்றும் ஆகிவிடாது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாடவேறுபாடு பார்த்த உழைப்பு, எந்த ஆய்வுக்கூட உழைப்புக்கும் குறைந்ததில்லை. நீங்களும் அதைத்தான் செய்ய வேண்டும்: ஒரே கூத்தை மூன்று ஜமாக்களிடம் பதிவுசெய்து, சொல் பிசகாமல் எழுத்தில் பெயர்த்து, நோட்டுகளோடும் வில்லிபாரதத்தோடும் வரிக்கு வரி ஒப்பிட வேண்டும். எந்த இரவு, எந்தக் கோயில், யார் ஆடினார்கள் என்ற குறிப்பு ஒவ்வொரு பதிவோடும் இருக்கட்டும். அந்தப் பதிவுகளை ஒரு நூலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒப்படைத்துவிட்டால், உங்களை நம்பாதவரும் அங்கே போய்க் கேட்டுச் சரிபார்க்கலாம். ராமனின் ஆய்வை இன்னொருவர் சோதித்துப் பார்க்க முடிவதைப் போன்றதுதான் இது.

சொந்தக் குடும்பம் என்பதில் வசதியும் உண்டு, ஆபத்தும் உண்டு. வேஷம் கட்டும் அறைக்குள் வெளியாள் ஒருவர் நுழைய ஆண்டுக்கணக்காகும். நீங்கள் இன்றே நுழைவீர்கள். ஆனால் தாத்தாவின் பாடமே மூலப்பாடம் என்று உங்கள் மனம் முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடும். எந்தச் சான்று கிடைத்தால் அந்த நம்பிக்கையைக் கைவிடுவேன் என்பதை முதல் வாரத்திலேயே ஒரு தாளில் எழுதி வையுங்கள். கலைஞர்களிடம் அனுமதி கேட்டுப் பதிவுசெய்யுங்கள், அவர்கள் விரும்பினால் பெயரோடு குறிப்பிடுங்கள். அவர்கள் வெறும் தகவலாளிகள் அல்லர், அந்தப் பாட்டுக்கு உரியவர்கள்.

ஆகவே தமிழ்த் துறையில் பதிவு செய்யுங்கள். பின்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் நிகழ்த்துதலையே ஆய்வின் பகுதியாக ஏற்கும் முனைவர் பட்டங்கள் உண்டு. நம் தமிழ்த் துறைகளில் எழுதிய ஆய்வேட்டைத்தான் கேட்பார்கள் என்பதை நினைவில் வையுங்கள். நெறியாளரைத் தேடும் முன் சோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் கூத்து பற்றிய ஆய்வேடுகளைத் தேடிப் படியுங்கள். யாருடைய மாணவர்கள் களத்துக்குப் போயிருக்கிறார்கள் என்பது நான்கு ஆய்வேடுகளைப் புரட்டினாலே தெரிந்துவிடும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளின்படி முனைவர் பட்டத்துக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6 ஆண்டு. மறுபதிவில் 2 ஆண்டு நீட்டிக்கலாம், பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு கிடைக்கும். பகுதிநேரம் என்பதால் பள்ளி நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று தேவை. அதை இப்போதே எழுதிக் கேளுங்கள். கட்டுரை வெளியிடுவதை அந்த விதிகள் கட்டாயமாக்கவில்லை என்றாலும், உங்கள் பல்கலைக்கழகம் தனியே கேட்கிறதா என்று விசாரியுங்கள்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வீட்டுக்குப் போய், அந்த நோட்டுகளை அட்டை முதல் அட்டை வரை, வெற்றுப் பக்கத்தையும் விடாமல், பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். ஓரத்தில் பென்சிலால் கிறுக்கியிருப்பது யார் கையெழுத்து என்று சித்தப்பாவிடம் கேட்டு, அவர் சொல்வதையும் அன்றே பதிவுசெய்துகொள்ளுங்கள்.