ஒரு மணி நேர விமானம், ஆறு மணி நேரப் பயணம்

கேள்வி: சென்னை தண்டையார்பேட்டையில் இருக்கிறோம். மகனுக்குப் பெங்களூரு எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. நானும் கணவரும் அவனைப் பார்க்கப் போகிறோம். விமானத்தில் ஒரு மணி நேரம்தான், டிக்கெட் போடுகிறேன் என்கிறான் மகன். பஸ்ஸே போதும் என்கிறார் கணவர். கொடுக்கும் காசுக்கு எது தகும்?

பதில்: உங்கள் கணவர் பக்கம்தான் நான். டிக்கெட்டில் இருக்கும் ஒரு மணி நேரம், விமானம் கிளம்பி இறங்குவதற்கான நேரம் மட்டுமே. உங்கள் வாசலிலிருந்து மகன் வாசல்வரை கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மாலை 7 மணி விமானம் என்று வைத்துக்கொள்வோம். பெட்டி போடும் கவுன்ட்டரை 6 மணிக்கே மூடிவிடுவார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோ நேராக விமான நிலையத்துக்கே போகிறது, வண்டி மாற வேண்டியதில்லை. ஆனாலும் 4.30 மணிக்காவது கிளம்பியாக வேண்டும். காரில் என்றால் இன்னும் முன்னதாக; கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் மாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். 8 மணிக்குத் தரையிறங்கி, பெட்டியை எடுத்து வெளியே வர 8.30 ஆகிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். கெம்பேகவுடா விமான நிலையம் நகருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது. எலக்ட்ரானிக் சிட்டியோ தென்கோடியில். நடுவே 50 கிலோமீட்டருக்கு மேல். டாக்சியில் சாதாரணமாக ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். மகன் வீட்டில் இலை போடும்போது 10.30. ஆறு மணி நேரம் போயிற்று, டாக்சி வாடகையும் தனி.

வான்வழியில் இரு நகரங்களுக்கும் இடையே சுமார் 290 கி.மீ.; வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் வழிச் சாலையில் சுமார் 350 கி.மீ. காரில் ஆறேழு மணி நேரம், பஸ்ஸில் ஏழெட்டு. ஆனால் ஓசூர் சாலையில் பெங்களூரு நகருக்கு முன்பே எலக்ட்ரானிக் சிட்டி வந்துவிடும். சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலுக்குள் நுழையாமலே இறங்கிக்கொள்ளலாம். பஸ் டிக்கெட் வாங்கும்போது அங்கே நிற்குமா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இரவுப் பஸ் முதுகுக்கு ஒத்துவராது என்றால் ரயில் இருக்கிறது. சென்ட்ரல் உங்களுக்குப் பக்கம். மாலை சதாப்தியில் சுமார் ஐந்து மணி நேரம், வந்தே பாரத்தில் அதைவிடக் குறைவு. பகலில் போய் இறங்கினால் ரயில் நிலையத்தை ஒட்டிய மெஜஸ்டிக்கில் பச்சை வழித்தட மெட்ரோ ஏறி, ஆர்.வி. ரோட்டில் மஞ்சள் வழித்தடத்துக்கு மாறி எலக்ட்ரானிக் சிட்டிக்கே போய்விடலாம். அந்தத் தடம் 2025 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. மகன் நகரின் வடக்கே எலஹங்காவிலோ ஹெப்பாலிலோ குடியிருந்தால் விமான டிக்கெட்டே வாங்கச் சொல்லியிருப்பேன்.

காசிமேட்டுக் கருவாடு கொண்டுபோகும் எண்ணம் இருந்தால், அதற்கும் பஸ்தான் வசதி.

கேள்வி: உள்நாட்டு விமானம் மூன்று மணி நேரம் தாமதம். ஒரு வாய் சாப்பாடுகூடத் தரவில்லை. கேட்க உரிமை உண்டா? (வாசகர், மாதவரம்)

பதில்: உண்டு. இரண்டரை மணி நேரம்வரையிலான பயணத்தில், நேரத்துக்கு வந்து செக்-இன் செய்தவருக்கு, தாமதம் இரண்டு மணி நேரத்தைத் தொட்டால் உணவு, சிற்றுண்டி தர வேண்டும் என்பது டிஜிசிஏ (சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம்) விதி. போர்டிங் பாஸையும் தாமதம் பற்றி வந்த குறுஞ்செய்தியையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் வராவிட்டால் விமானப் பயணிகள் புகாருக்கான அரசின் ஏர்சேவா தளத்திலோ, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இலோ பதிவுசெய்யுங்கள்.