கர்னல் அப்டேட்டுக்குப் பிறகு வெளி டிஸ்க்கில் காப்பி பாதியில் நிற்கிறது, டிஸ்க் போய்விட்டதா?

கேள்வி: பல வருடமாக அப்டேட் செய்யாத பழைய கம்ப்யூட்டரில் இப்போதுதான் லினக்ஸைப் புதுப்பித்தேன். புதுக் கர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வந்ததிலிருந்து யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் சின்ன ஃபைல்கள் காப்பி ஆகின்றன. பெரிய ஃபைல் என்றால் பாதியில் நின்று 'இன்புட் அவுட்புட் எரர்' வருகிறது. டிஸ்க்கை மாற்ற வேண்டுமா?

பதில்: அவசரப்பட்டு புது டிஸ்க் வாங்காதீர்கள். இது சரியாகும் வரை எதையும் 'கட்' செய்து நகர்த்தவும் வேண்டாம். காப்பி மட்டும் செய்யுங்கள், மூல ஃபைல் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

எனக்கு இது 2016-ல் நடந்தது. உபுண்டு என்ற லினக்ஸ் வகையில் 14.04-லிருந்து 16.04-க்கு மாறியபோது கர்னல் 3.13 போய் 4.4 வந்தது. அக்கா மகளின் காதுகுத்து வீடியோவை லேப்டாப்பிலிருந்து வெளி டிஸ்க்குக்கு ஏற்றிக்கொண்டிருந்தேன். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கிய ஒரு கேஸ், அதற்குள் பழைய லேப்டாப் டிஸ்க். சில நிமிடம் நன்றாகப் போகும். அப்புறம் கேஸில் துடித்துக்கொண்டிருந்த நீல விளக்கு துடிப்பதை நிறுத்திவிட்டு அப்படியே எரியும். அரை நிமிடம் ஒன்றுமே நடக்காது. பிறகு உள்ளே 'டிக்' என்று ஒரு சத்தம், விளக்கு மறுபடி துடிக்கும். மூன்று நான்கு தடவை இப்படி ஆனதும் டிஸ்க்கே திரையிலிருந்து மறைந்துவிடும். கேபிளை மாற்றினேன், போர்ட்டை மாற்றினேன், கடைசியில் புது டிஸ்க்கே வாங்கி அதே கேஸில் போட்டேன். மறுபடி அதே அரை நிமிடம்.

அந்த அரை நிமிடத்தில்தான் விஷயமே இருந்தது. டிஸ்க்குக்கு அனுப்பிய கட்டளைக்கு லினக்ஸ் வழக்கமாக 30 நொடி காத்திருக்கும். பதில் வராவிட்டால் அந்தக் கட்டளையைக் கைவிட்டு, சாதனத்தை ரீசெட் செய்து பார்க்கும். கர்னல் லாகை, அதாவது நடந்ததைக் கர்னல் குறித்து வைக்கும் பதிவை, திறந்து பார்த்தேன். 'யுஏஎஸ்', 'அபார்ட்' (கைவிடல்) என்ற சொற்கள் வரிசையாக, ஒவ்வொரு கூட்டத்துக்கும் கீழே யுஎஸ்பி சாதனம் ரீசெட் ஆன வரி. உங்கள் லாகிலும் இது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

யுஏஎஸ் என்பது யுஎஸ்பி டிஸ்க்கோடு பேசும் புதிய முறை. பழைய முறையில் ஒரு கட்டளை போய், வேலை முடிந்து, பதில் வந்த பிறகுதான் அடுத்தது போகும். யுஏஎஸ்ஸில் பல கட்டளைகள் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்கும். அதனால் வேகம் கூடும். லினக்ஸில் யுஏஎஸ்ஸுக்கான ட்ரைவர் (சாதனத்தோடு பேசும் நிரல்) நெடுநாள் 'உடைந்தது' என்று குறிக்கப்பட்டு முடக்கத்தில் கிடந்தது. கர்னல் நிரலாளர் ஹான்ஸ் டி கோட் அதைச் சீர்செய்த பிறகு, 2014-ல் வந்த 3.15 கர்னலில் புழக்கத்துக்கு வந்தது. என் 3.13 கர்னலுக்கு யுஏஎஸ் கிடையாது. 4.4-க்கு உண்டு. கேஸில் இருந்த சிப் தனக்கு யுஏஎஸ் தெரியும் என்று சொல்லிக்கொள்ளும், ஆனால் வரிசை நீண்டதும் திணறிவிடும். சின்ன ஃபைலில் அந்தச் சுமையே வருவதில்லை. அதனால்தான் உங்களுக்கும் சின்னவை தப்பித்துப் போகின்றன என்று நினைக்கிறேன்.

உறுதி செய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. கம்ப்யூட்டர் தொடங்கும்போது வரும் கிரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' உள்ளே போனால் பழைய கர்னல் பெரும்பாலும் இன்னும் இருக்கும். அதில் பூட் செய்து அதே ஃபைலை, அதே கேபிளில், அதே போர்ட்டில் காப்பி செய்யுங்கள். பழையதில் முழுதாகப் போய், புதியதில் நின்றால், டிஸ்க்கைச் சந்தேகிக்க வேண்டாம். இரண்டிலும் நின்றால் டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்து வைக்கும் 'ஸ்மார்ட்' விவரங்களைப் பாருங்கள்.

அதற்காகப் பழைய கர்னலிலேயே தங்கிவிடாதீர்கள், பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்காமல் போகும். அந்த ஒரு கேஸுக்கு மட்டும் யுஏஎஸ்ஸை நிறுத்தினால் போதும். 'எல்எஸ்யுஎஸ்பி' கட்டளை கொடுத்தால் கேஸின் அடையாளம் நான்கு எழுத்து, ஒரு முக்காற்புள்ளி, நான்கு எழுத்து என்று வரும். கிரப்பின் கர்னல் வரியில் யுஎஸ்பி-ஸ்டோரேஜ் ட்ரைவரின் 'க்வர்க்ஸ்' (கோளாறுள்ள சாதனங்களுக்கான விதிவிலக்கு) மதிப்பாக அதை எழுதி, பின்னால் இன்னொரு முக்காற்புள்ளியும் சின்ன 'யு' எழுத்தும் சேருங்கள். கிரப்பைப் புதுப்பித்து ரீஸ்டார்ட் செய்தால் கேஸ் பழைய முறைக்குத் திரும்பிவிடும். சுழலும் டிஸ்க் என்றால் வேகம் குறைந்ததே தெரியாது. எஸ்எஸ்டி என்றால் தெரியும், அப்போது வேறு கேஸ் வாங்குவதுதான் நல்லது.

காப்பி முடிந்ததும் ஒன்று செய்யுங்கள், இதைக் கெஞ்சியே கேட்கிறேன். திரையில் நூறு சதவீதம் காட்டினாலும் டேட்டாவில் ஒரு பகுதி ரேமிலேயே நின்றுகொண்டிருக்கலாம். முறையாக 'எஜெக்ட்' கொடுத்து, கேபிளைக் கழற்றி, மறுபடி செருகிய பிறகு மூல ஃபைல், பிரதி இரண்டுக்கும் ஷா-256 (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) போட்டு ஒப்பிடுங்கள். கழற்றாமலே ஒப்பிட்டால் ரேமில் இருக்கும் பிரதியைப் படித்துவிட்டு 'சரி' என்று சொல்லிவிடும், டிஸ்க்கில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது.

கர்னல் மேலேயே தவறு இருந்த சமயங்களும் உண்டு. 2023 டிசம்பரில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் 12.3 பதிப்பு வெளிவரும் நேரத்தில், அதிலிருந்த 6.1.64 கர்னல் எக்ஸ்ட்4 (லினக்ஸில் பரவலான ஃபைல் அமைப்பு) டிஸ்க்குகளில் டேட்டாவைக் கெடுக்கக்கூடும் என்று தெரிந்து அதை நிறுத்தி வைத்தார்கள். திருத்திய கர்னலோடு 12.4 வந்தது. அங்கே டிஸ்க்கும் கேபிளும் ஒரு பாவமும் செய்யவில்லை. நீங்கள் காப்பி செய்வது நெட்வொர்க்கில் இருக்கும் பழைய ஸ்டோரேஜ் பெட்டிக்கு என்றால் காரணம் வேறு: 2017-ல் வந்த 4.13 கர்னலிலிருந்து எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறை தானாக வேலை செய்வதில்லை.

லாகில் யுஏஎஸ் பெயரே இல்லையென்றால், காப்பி நின்ற நேரத்தை ஒட்டிய இருபது வரிகளையும், பழையது புதியது இரண்டு கர்னலின் எண்களையும் கேள்வியில் சேருங்கள். பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.