மேஸ்திரி 25,000 தருகிறேன், எழுதிக் கொடு என்கிறார். கையெழுத்துப் போடலாமா?

சகோதரி, நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்டது இதுதான். கும்பகோணத்தில் ஒரு வணிக வளாகம் கட்டும் இடத்தில் 2025 ஆடி மாதம் சாரம் சரிந்து உங்கள் கணவர் விழுந்துவிட்டார். குதிகால் எலும்பும் முதுகெலும்பும் முறிந்துவிட்டன. வயது 35, கொத்தனார், கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை எடுக்கவில்லை. மேஸ்திரி 25,000 ரூபாய் தருகிறேன், "இத்தோடு சரி" என்று எழுதிக் கொடு என்கிறார். வேலையை ஒப்பந்தம் எடுத்த என்ஜினியர் "அவர் என் ஆளே இல்லை, மேஸ்திரி ஆள்" என்கிறார்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வீட்டில் அரிசிக்கும் மருந்துக்கும் பணம் இல்லையென்றால் அந்த 25,000 ரூபாயை வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் "இத்தோடு சரி" என்று எழுதிய எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள். "சிகிச்சைச் செலவுக்காக இன்ன தேதியில் இவ்வளவு பெற்றுக்கொண்டேன்" என்று வேண்டுமானால் எழுதிக் கொடுங்கள். அதற்கு மேல் ஒரு வரி கூட வேண்டாம்.

நான் வக்கீல் இல்லை. மன்னார்குடிப் பக்கம் கட்டுமானத் தொழிலாளர் சங்கக் கிளை ஒன்றில் மனு எழுதிக் கொடுப்பவன். அதனால் இந்தத் தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். எல்லாம் ஒரே அச்சுதான். "நான் என் கவனக்குறைவால் விழுந்துவிட்டேன், மேற்படியார் மனிதாபிமான அடிப்படையில் கொடுத்த தொகையை முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன், இனி எக்காலத்திலும் எவ்வித உரிமையும் கோரமாட்டேன்" என்று இருக்கும். கீழே இரண்டு சாட்சிகள், இரண்டு பேருமே மேஸ்திரிக்கு வேண்டியவர்கள். இதில் மனிதாபிமானம் எங்கே வந்தது? சட்டப்படி அவர்கள் உங்களுக்குத் தர வேண்டிய கடன் இது.

அந்தச் சட்டம் 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். வேலையின்போது, வேலை காரணமாக அடிபட்டால் முதலாளி இழப்பீடு கொடுக்க வேண்டும். முதலாளி மேல் தப்பு இருந்ததா என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதி வாங்கும் ஒப்பந்தம் செல்லாது என்று 17ஆம் பிரிவு சொல்கிறது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்தால் அதைத் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு ஆணையரிடம் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்யாவிட்டால் முதலாளி முழு இழப்பீட்டுக்கும் பொறுப்பு. ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் ஆணையர் உத்தரவு இல்லாமல் முடியாது. சிகிச்சைக்காகக் கொடுத்த பணத்தை இழப்பீட்டில் கழிக்கவே முடியாது. அதனால்தான் ரசீதில் "சிகிச்சைச் செலவுக்காக" என்ற வார்த்தை இருக்கட்டும் என்கிறேன்.

சரி, எவ்வளவு வரும்? மாதச் சம்பளம் 15,000 ரூபாய்க்கு மேல் இருந்தாலும் கணக்குக்கு 15,000தான் எடுப்பார்கள். 2020 ஜனவரியிலிருந்து இதுதான் உச்சவரம்பு. கொத்தனார் கூலிக்கு இது குறைவுதான், என்ன செய்வது. அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் நான்காம் அட்டவணையில் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு காரணி உண்டு. 35 வயதுக்கு 197.06. இரண்டையும் பெருக்கினால் 17,73,540 ரூபாய். இது நிரந்தரமாக எந்த வேலையுமே செய்ய முடியாதவருக்கான தொகை. உங்கள் கணவரின் சம்பாதிக்கும் திறனில் 40 சதவீதம் போய்விட்டது என்று முடிவானால் 7,09,416 ரூபாய். விபத்து நடந்து ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டியும் சேரும். தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் 50 சதவீதம் வரை அபராதமும் போடலாம். ஆஸ்பத்திரிச் செலவு பில் இருந்தால் அது தனி. இப்போது மேஸ்திரியின் 25,000 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அந்த 40 சதவீதத்தை எப்படி முடிவு செய்வார்கள் என்பதில்தான் பல வழக்குகள் கெட்டுப்போகின்றன. கட்டைவிரல் போனால் 30 சதவீதம், கை போனால் 60 சதவீதம் என்று முதல் அட்டவணையில் பட்டியல் இருக்கிறது. உயரத்திலிருந்து காலூன்றி விழுபவர்களுக்கு உடைவது பெரும்பாலும் குதிகாலும் முதுகெலும்பும்தான். அவை அந்தப் பட்டியலில் இல்லை. அங்கே தகுதி பெற்ற டாக்டர் ஒருவர், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிட்டுச் சொல்ல வேண்டும். உடல் ஊனம் 25 சதவீதம் என்று சான்றிதழ் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உடல் ஊனம் வேறு, பிழைப்புக்கு வந்த ஊனம் வேறு. கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்குக் குதிகால் உடைந்தால் பிழைப்பு நடக்கும். சவுக்குக் கம்பில் நின்றுகொண்டு பூச்சு பூசுகிறவருக்கு நடக்குமா? உச்ச நீதிமன்றம் 1975 டிசம்பரில் ஒரு தச்சர் வழக்கில் இதைத் தீர்த்து வைத்திருக்கிறது. சினிமா கொட்டகையில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்தவர் விழுந்து இடது கையை முழங்கைக்கு மேல் இழந்தார். பட்டியலில் அதற்கு நூறு சதவீதம் கிடையாது. ஒற்றைக் கையோடு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே முழு ஊனம்தான் என்று நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு விபத்து நடந்த நாளிலேயே கடனாகிவிடுகிறது என்பதும் அதே தீர்ப்பில்தான். இன்றும் வக்கீல்கள் அதைக் காட்டுகிறார்கள். டாக்டரிடம் போகும்போது "ஏணி ஏற முடியுமா, குத்துக்கால் போட்டு உட்கார முடியுமா, சாந்துச் சட்டி தூக்க முடியுமா" என்பதைச் சொல்லி எழுதி வாங்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒரு தாள் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டு நகல். எல்லோரும் ஏ.ஆர். காப்பி என்பார்கள். அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு வந்ததும் அவசரப் பிரிவில் "எங்கே, எப்படி அடிபட்டது?" என்று கேட்டு அதில் எழுதிவிடுவார்கள். அந்த நேரத்தில் அடிபட்டவர் முனகிக்கொண்டிருப்பார். பதில் சொல்பவர் கூட வந்த மேஸ்திரி. "வீட்டு மாடிப்படியில் வழுக்கிட்டாரு சார்" என்று ஒரு வரி சொல்லிவிட்டால் போதும், பின்னால் வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு வரியைத்தான் பிடித்துக்கொண்டு நிற்பார். உங்கள் கணவரை எந்த ஆஸ்பத்திரியில் சேர்த்தார்களோ அங்கே போய் இந்த நகலை வாங்கிப் படியுங்கள். "வேலை செய்யும்போது சாரத்திலிருந்து விழுந்தார்" என்று இருந்தால் பெரிய பலம். இல்லையென்றால் காவல் நிலையத்தில் உடனே புகார் கொடுத்து நடந்ததைப் பதிவு செய்ய வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால் மனு ஏற்புச் சீட்டாவது வாங்குங்கள்.

அங்கே வேலை செய்தார் என்பதற்கு ஆதாரம்? கட்டட வேலையில் சம்பளச் சீட்டு யார் தருகிறார்கள்? ஆனால் சனிக்கிழமை தோறும் ஜிபேயில் கூலி வந்திருக்கும். வங்கியில் அந்த வரவுப் பட்டியலை எடுங்கள். மேஸ்திரியின் வாட்ஸ்அப் குரூப்பில் "நாளை தளம் போடறோம், ஆறு மணிக்கு வந்துடுங்க" என்ற மாதிரிச் செய்தி இருந்தால் அழிக்காமல் வைத்திருங்கள். கூட வேலை செய்த ஒருவரின் சாட்சியம் வேண்டும், அதுதான் கஷ்டம். சாட்சி சொன்னால் அடுத்த வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள் என்று பயப்படுவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? வேறு மேஸ்திரியிடம் மாறிப் போனவர், ஊரை விட்டுத் திருப்பூர் போனவர் என்று தேடிப் பாருங்கள்.

என்ஜினியர் சொல்வது எடுபடாது. அவர் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்கிறார், அதே வேலையைத்தான் மேஸ்திரிக்கு உள்குத்தகை விட்டிருக்கிறார். 12ஆம் பிரிவுப்படி அவரும் இழப்பீடு கொடுக்கக் கடமைப்பட்டவர்; கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலித்துக்கொள்ளட்டும். மனுவில் இரண்டு பேரையும் எதிர்மனுதாரர்களாகச் சேருங்கள். என்ஜினியர் தொழிலாளர் இன்ஷூரன்ஸ் எடுத்திருந்தால் அந்தக் கம்பெனியையும் சேருங்கள். (சொந்த வீடு கட்டும் சாதாரண ஆளை இப்படிப் பிடிப்பது கடினம், ஏனென்றால் கட்டடம் கட்டுவது அவருடைய தொழில் இல்லை. அங்கே மேஸ்திரி மட்டும்தான் கிடைப்பார்.)

"குடிச்சிருந்தான்", "பெல்ட் போடச் சொன்னேன், போடலை" என்பார்கள். குடிபோதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம் என்றால் அது முதலாளிக்கு உதவும். ஆனால் சாவிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதமும் செல்லாது. பாதுகாப்புக்கென்று வெளிப்படையாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறினால்தான் பெல்ட் விஷயம் எடுபடும். வெறும் கவனக்குறைவு போதாது. அந்த இடத்தில் பெல்ட் என்ற பொருளே இருந்ததா என்று முதலில் கேளுங்கள்.

மனுவைத் தொழிலாளர் துறையின் இணை ஆணையர் அல்லது துணை ஆணையர் நிலையில் உள்ள இழப்பீட்டு ஆணையரிடம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்து ஆட்கள் திருச்சிக்குத்தான் போய் வருகிறார்கள். விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்றில்லை, நீங்கள் குடியிருக்கும் ஊரை வைத்தும் போடலாம். குறுவை முடிந்து கேரளாவுக்கும் சென்னைக்கும் கட்டட வேலைக்குப் போய் அடிபட்டு வரும் நம் ஊர் ஆட்களுக்கு இது தெரிவதே இல்லை. கெடு இரண்டு ஆண்டு. மூன்று மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, நான் பார்த்தவரை வருஷக்கணக்கில் இழுக்கிறது. எதிர்த்தரப்பு மேல்முறையீடு போனால் தஞ்சாவூர் மாவட்ட வழக்கு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகும், திருவாரூர், நாகை வழக்குகள் சென்னைக்குப் போகும். ஆனால் தீர்ப்புத் தொகையை ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் முதலாளி மேல்முறையீடே செய்ய முடியும்.

நல வாரிய அட்டை இல்லாததால் இழப்பீடு கிடைக்காது என்று யாரோ சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தப்பு. வாரியம் தருவது அரசின் உதவித்தொகை, இது முதலாளியின் பொறுப்பு. அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த வழக்குப் போடலாம். ஆனால் உங்கள் கணவரின் தம்பியும் இதே வேலை என்கிறீர்களே, அவரை 60 வயது ஆவதற்குள் வாரியத்தில் பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள்.

இன்னொன்று. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. 1923 சட்டத்தின் விஷயங்கள் அதன் 7ஆம் அத்தியாயத்துக்குள் போய்விட்டன. உங்கள் விபத்து ஆடியில் நடந்தது. விபத்து நடந்த நாளில் இருந்த சட்டப்படிதான் தொகையைக் கணக்கிடுவார்கள், அதனால் மேலே சொன்ன கணக்கு உங்களுக்குப் பொருந்தும். "சட்டமே மாறிப்போச்சு" என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

வக்கீல் கட்டணம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வருகிற தொகையில் பங்கு என்று பேசுபவர்கள் இருக்கிறார்கள்; அதற்கு முன் தஞ்சாவூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வக்கீல் கேளுங்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் விசாரிக்கலாம். போகும்போது ஏ.ஆர். காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருந்து பில்கள், ஆதார், வயதுக்கான சான்று, வங்கி வரவுப் பட்டியல் எல்லாவற்றிலும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். அசலை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள், மேஸ்திரி "சும்மா பாத்துட்டுத் தர்றேன்" என்று கேட்டாலும்.