லேசரை மாற்றும் முன்: சீடி பிளேயர் கேள்வி பதில்

கேள்வி: நெடுங்காலம் பாவித்த சீடி பிளேயர். இப்போது எதைப் போட்டாலும் கொஞ்சம் சுற்றிவிட்டு ‘நோ டிஸ்க்’ என்று காட்டுகிறது. கடையில் வாங்கிய இறுவட்டுகள் இரண்டு மூன்று தரம் போட்டால் பாடும். கணினியில் பதிந்தவை பாடுவதே இல்லை. லேசரை மாற்றத்தான் வேண்டும் என்கிறார் திருத்துபவர். மாற்றலாமா? (உப்புவெளி)

பதில்: அவசரப்பட்டு மாற்றாதீர்கள். லேசர் ஒளி இறுவட்டில் பட்டுப் போதியளவு திரும்பவில்லை என்பதுதான் உங்கள் அறிகுறியின் பொருள். அதற்கு லேசர் தேய்ந்திருக்க வேண்டும் என்றில்லை. லென்சில் படிந்த மெல்லிய படலமே போதும். தொழிற்சாலையில் அச்சிட்ட இறுவட்டு ஒளியை நன்றாகத் திருப்பி அனுப்பும். கணினியில் ஒருமுறை மட்டும் பதியக்கூடிய சீடி-ஆர் அதைவிடச் சற்றுக் குறைவு. அழித்து எழுதும் சீடி-ஆர்டபிள்யூ அதில் மூன்றிலொரு பங்கைக்கூடத் திருப்புவது அரிது. ஆகவே லென்ஸ் மங்கினால் முதலில் நின்றுபோவது பதிந்தவைதான். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்பு ஈரமும் நுளம்புச்சுருள் புகையும் தாளிக்கும் புகையும் சேர்ந்து லென்சில் ஒட்டிக்கொள்ளும்.

பிளக்கைக் கழற்றிப் பத்து நிமிடம் விட்டு மேல்மூடியைத் திறவுங்கள். இறுவட்டை மேலிருந்து அமுக்கும் காந்தத் தட்டு கொண்ட பாலத்தின் கீழ், உளுந்தளவு லென்ஸ் தெரியும். அது மயிரிழை போன்ற கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் போச்சு. பஞ்சுக் குச்சியில் 99 வீத ஐசோப்ரொப்பைல் அல்கஹோல் ஒரு சொட்டு மட்டும் விட்டு, எடையே கொடுக்காமல் வட்டமாக நாலைந்து சுற்றுத் துடையுங்கள். உலர்ந்த குச்சியால் இன்னொரு தரம். பிறகு பத்து நிமிடம் உலர விடுங்கள். பார்மசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். அதில் எண்ணெய் கலந்திருப்பதுண்டு, காய்ந்ததும் புதுப் படலம் விடும். தூரிகை ஒட்டிய ‘கிளீனர்’ இறுவட்டு தூசியைத் தட்டும், ஒட்டிய படலத்தைக் கிளப்பாது.

அதோடு, லேசர்ப் பகுதியிலிருந்து சர்க்கியூட் பலகைக்குப் போகும் தட்டை ரிப்பன் வயரை இரண்டு மூன்று தரம் கழற்றிச் செருகுங்கள். நம் ஊர்க் காற்றில் அந்த முனைகள் கறுத்துப்போவது வழக்கம், பலர் அதைப் பார்ப்பதே இல்லை. லேசர்ப் பகுதியின் பக்கத்தில் இருக்கும் சிறு திருகைத் தொடவே கூடாது. அது லேசருக்குப் போகும் மின்னோட்டத்தைக் கூட்டிக் குறைப்பது. கூட்டினால் சில நாள் பாடும்; பிறகு லேசர் உண்மையாகவே எரிந்துவிடும். மூடி திறந்தபடி ஓட விட்டுப் பார்ப்பவர்கள் லென்சுக்கு நேரே கண்ணைக் கொண்டுபோகக் கூடாது. 780 நனோமீற்றர் கதிர் கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, ஆனால் கெடுக்கும்.

இவ்வளவுக்கும் பிறகும் ‘நோ டிஸ்க்’ என்றால் மாற்றுங்கள். பகுதியின் இலக்கத்தைக் கடைசி எழுத்து வரை பார்த்து வாங்குங்கள்; சோனி கே.எஸ்.எஸ்.-213 வகையில் மட்டுமே பல எழுத்துகள் உண்டு. புதிய பகுதிகள் பலவற்றில் நிலைமின்சாரம் தாக்காதிருக்க இரண்டு புள்ளிகளை ஈயத்தால் இணைத்திருப்பார்கள். ரிப்பனைச் செருகிய பின் அந்த ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் லேசர் ஒளிராது, பழைய ‘நோ டிஸ்க்’ அப்படியே வரும். “புதுச் சாமானும் பழுது” என்று திருப்பிக் கொடுக்கப்படுபவற்றில் சில இந்த ஈயத்தால் வந்த வினை.

கேள்வி: முதல் பாட்டுகள் நன்றாக வரும், கடைசி நாலு பாட்டும் துள்ளுகின்றன. (சாம்பல்தீவு)

பதில்: இறுவட்டு உள்ளிருந்து வெளியே படிக்கப்படுகிறது. கடைசிப் பாட்டுகளுக்கு லேசர் வண்டி தண்டவாளத்தின் வெளி எல்லைக்குப் போக வேண்டும். அங்கே பழைய கிறீஸ் பிசினாகி நிற்கும். பழையதை அல்கஹோலால் துடைத்தெடுத்து, வெள்ளை லிதியம் கிறீஸை கடுகளவு தண்டவாளத்திலும் பல்சக்கரத்திலும் தடவுங்கள். தேங்காயெண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் இரண்டும் வேண்டாம். துள்ளல் எதிர்ப்புறமாக, அதாவது முதல் பாட்டில் திணறிப் பின்னர் சீராகினால், சந்தேகிக்க வேண்டியது சுழற்றும் மோட்டாரை. உள்வட்டத்தில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவட்டத்தில் 200 தான். தேய்ந்த மோட்டாருக்கு அந்த 500 தான் எட்டாது.

கேள்வி: ட்ரே வெளியே வருவதில்லை, உள்ளே ‘கிர்ர்’ என்று சத்தம் மட்டும். (தம்பலகாமம்)

பதில்: றப்பர் பெல்ட் தளர்ந்துவிட்டது. பழைய பெல்ட்டின் சுற்றளவை அளந்து, 5 வீதம் குறைவான புதியது போடுங்கள். கப்பியை அல்கஹோலால் துடைக்க மறக்க வேண்டாம். கையால் இழுத்தால் பல்சக்கரம் உடையும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரும் பாவித்த பிளேயர் ஒன்று வாங்க எண்ணம். எதைப் பார்க்க வேண்டும்? (கிண்ணியா)

பதில்: முதலில் பின்பக்கத் தகட்டைப் பாருங்கள். ‘100V’ என்றிருந்தால் நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் உள்ளே டிரான்ஸ்போர்மரோ பியூஸோ எரிந்துவிடும். தகட்டிலேயே வாட் இருக்கும். பெரும்பாலும் 10 முதல் 20 வாட்தான். 230 வோல்ட்டை 100 ஆகக் குறைக்கும் 50 வீஏ (வாட் போன்ற அளவு) ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்போர்மர் தாராளம். கம்பி சுற்றிய டிரான்ஸ்போர்மராக இருக்கட்டும், கையில் எடுத்தால் கனக்கும். இலேசான மின்னணுப் பெட்டி வேண்டாம்.

ஐந்து இறுவட்டு மாற்றும் வகையை நான் பரிந்துரைப்பதில்லை. சக்கரமும் பெல்ட்டும் சுவிட்சும் கூடக் கூட பழுதும் கூடும். ஒற்றைத் தட்டு வகையே நீடிக்கும். றிமோட்டோடு கேளுங்கள்: சில வகைகளில் பாட்டு எண் அழுத்துவதும் வரிசை அமைப்பதும் றிமோட்டில் மட்டுமே. பின்னால் டிஜிட்டல் அவுட் துளை இருந்தால் நல்லது. ஒலிப் பகுதி பிற்காலத்தில் கெட்டாலும் டிஜிட்டலை ஒலிச் சமிக்ஞையாக மாற்றும் டிஏசி பெட்டி ஒன்றில் கொடுத்துக் கேட்கலாம். எம்பி3 பதிந்த இறுவட்டு பழைய பிளேயரில் ஓடாது. அது பழுதல்ல.

கடையிலேயே கடைசிப் பாட்டையும், ஒரு சீடி-ஆரையும் போட்டுப் பாருங்கள். சீடி-ஆர் முடித்துப் பதிந்ததாக, அதாவது ‘பைனலைஸ்’ செய்ததாக இருக்க வேண்டும்.

கேள்வி: கீறல் விழுந்த இறுவட்டை எப்படித் துடைப்பது? (மூதூர்)

பதில்: நடுவிலிருந்து விளிம்புக்கு நேராக. சுற்றித் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும். பிளேயரின் பிழைதிருத்தம் ஏறத்தாழ 2.5 மில்லிமீற்றர் வரையான இடைவெளியைத்தான் முழுமையாக ஈடுகட்டும். வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவி, பருத்தித் துணியால் ஒற்றுங்கள். பதிவு இருப்பது படம் அச்சிட்ட பக்கத்துக்குச் சற்றுக் கீழே. கீழ்ப்புறக் கீறலைத் தேய்த்து மீட்கலாம், மேற்புறம் உரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே அந்தப் பக்கத்தில் போல்பேனாவால் எழுதாதீர்கள். வாடைக்காற்று நாட்களில் உறைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போட்டு வையுங்கள்.