கறுப்புத் திரைக்குப் பயந்து படிப்பை மாற்றலாமா?

குடியாத்தத்திலிருந்து எழுதியிருக்கும் ஐயாவுக்கு,

கல்லூரியில் 'கிட்' (Git) இன்ஸ்டால் செய்துகொண்டு வரச் சொன்னார்கள், லேப்டாப் என்னென்னவோ கேட்கிறது, மகள் அழுகிறாள், பி.காமுக்கு மாற்றிவிடலாமா என்கிறீர்கள். வேண்டாம். நீங்கள் தறி வைத்திருப்பவர். பாவு பிணைக்கும்போது படுகிற பாடு நெய்யும்போது உண்டா? இதுவும் பாவு பிணைக்கிற வேலைதான்.

கிட் என்பது புரோகிராமில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று குறித்துவைக்கும் கணக்கு நோட்டு. விண்டோஸ் போலக் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது. இலவசம், காசு கேட்டால் தப்பான தளம். கிட்ஹப் வேறு, அந்த நோட்டை இணையத்தில் வைக்கும் இடம். இன்ஸ்டால் செய்ய அதில் கணக்கே தேவையில்லை. பாதிப் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான்.

இனி மகளிடம் கொடுங்கள்.

பாப்பா, கிட்-எஸ்சிஎம் டாட் காம் (git-scm.com) தளத்தில் விண்டோஸுக்கான ஃபைலை டவுன்லோடு செய்து திற. அனுமதி கேட்டால் 'யெஸ்'. அப்புறம் திரை மேல் திரையாக வரும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள உட்காராதே, 'நெக்ஸ்ட்' கொடுத்துக்கொண்டே போ. ஒரே இடத்தில் மட்டும் நில்: எந்த எடிட்டர், அதாவது எழுதித் திருத்தும் மென்பொருள், என்று கேட்கும், 'விம்' என்ற ஒன்று தேர்வாகியிருக்கும். அதை நோட்பேடாக மாற்று. நான் முதல்முறை இதைக் கவனிக்காமல், பிறகு விம்முக்குள் மாட்டி, வெளியே வரத் தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்தேன்! (எஸ்கேப் தட்டி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். அவ்வளவுதான் வழி.)

முடிந்ததும் ஸ்டார்ட் மெனுவில் 'கிட் பாஷ்' திற. கறுப்புத் திரையில் டாலர் குறி நிற்கும். ஆங்கிலச் சிறிய எழுத்தில் 'கிட் --வெர்ஷன்' (git --version) என்று அடி; கிட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி, இரண்டு கோடுகளுக்குப் பிறகு இடைவெளி கூடாது. 2-ல் தொடங்கும் எண் வந்தால் ஏறிவிட்டது. 'கமாண்ட் நாட் ஃபவுண்ட்' வந்தால் பெரும்பாலும் எழுத்துப்பிழைதான், திரும்ப அடி. எதுவும் கெட்டுப்போகாது.

அடுத்து, மாற்றியது நீதான் என்று நோட்டில் பதிய, 'கிட் கான்ஃபிக் --குளோபல் யூசர்.நேம்' (git config --global user.name), பிறகு ஓர் இடைவெளி விட்டு இரட்டை மேற்கோளுக்குள் உன் பெயர். யூசர்.ஈமெயிலுக்கும் (user.email) இப்படியே, பெயருக்குப் பதில் உன் ஈமெயில். என்டர் தட்டினால் திரை ஒன்றுமே சொல்லாது. இங்கே மௌனம் சம்மதம். இன்னொன்று, இந்த ஜன்னலில் கன்ட்ரோல்-வி வேலை செய்யாவிட்டால் ஷிஃப்ட்-இன்சர்ட் அழுத்து.

ஐயா, அவள் உட்காரும்போது லேப்டாப் சார்ஜில் இருக்கட்டும். நடுவில் நின்றுபோனாலும் அதே ஃபைலைத் திரும்ப ஓட்டினால் போதும். பக்கத்தில் இருங்கள், 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா' என்று மட்டும் கேட்காதீர்கள். அப்படியும் ஏறவில்லையா? சனிக்கிழமை லேப்டாப், சார்ஜரோடு காட்பாடிக்கு வந்துவிடுங்கள். பி.காம் விண்ணப்பத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.